கறையான் தின்னாத புத்தகம்: பழைய ஈ-ரீடர் ஒண்டோட ஒரு கிழமை

ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் லீவில வந்து நிண்டிட்டுப் போகேக்க தான் பாவிச்ச ஈ-ரீடரை, அதுதான் மின்புத்தகம் வாசிக்கிற சாமானை, எனக்குத் தந்திட்டுப் போனவ. புதுசில்லை, கன வருசப் பழசு, ஒரு மூலையில கீறல், ஆறு இஞ்சித் திரை. எந்தக் கொம்பனி எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா நான் சொல்லப்போற குறையள் அந்தக் கொம்பனிக்கு மட்டும் சொந்தமில்லை, இந்தச் சாதிச் சாமான் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட உள்ளதுதான். போன கிழமை முழுக்க இதிலதான் வாசிக்கிறது, கடதாசிப் புத்தகம் தொடுறேல்லை எண்டு எனக்கு நானே சத்தியம் போட்டுப் பாத்தன். வெள்ளிக்கிழமை சத்தியம் முறிஞ்சு போச்சு, அது பிறகு வருது.

முடிவை முதலே சொல்லிப்போடுறன், நீட்டி வாசிக்க நேரமில்லாத ஆக்களுக்கு. வெயில், கரண்ட் கட், பஸ் நெரிசல், கறையான், இந்த நாலுக்கும் இது கெட்டிக்காரச் சாமான். ஆனா எங்கட ஆக்கள் எழுதின பழைய புத்தகங்கள் வாசிக்கத்தான் வாங்கப் போறியள் எண்டா ஆறு இஞ்சி வாங்காதேங்கோ. பத்து இஞ்சிக்குக் காசு சேருங்கோ, இல்லாட்டி பேசாமல் இருங்கோ.

ஏன் எனக்கு உது தேவைப்பட்டது எண்டு கேப்பியள். என்னட்டப் புத்தகம் நிண்டு பிடிக்கிறதில்லை, அதுதான் காரணம். 2009 இல விட்டிட்டு வந்ததுகளைக் கணக்கில சேர்க்கேல்லை, அப்ப அரிசியைத் தூக்கினதே பெரிய காரியம். பிறகு திரும்பி வந்து, ஒவ்வொண்டா வாங்கிச் சேர்த்து ஒரு தகரப்பெட்டி நிறைய வைச்சிருந்தன். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவெல்லாம் திறந்து விட்ட நேரம் கண்டாவளைப் பக்கம் இருக்கிற எங்கட வீட்டுக்க தண்ணி ஏறி, பெட்டி அப்பிடியே ஊறிப்போச்சு. வெள்ளம் வத்தினாப் பிறகு ஒடியல் காயப்போடுற பாயில புத்தகங்களை விரிச்சுக் காயப்போட்டது நான்தான். காஞ்சு வரேக்க ஒவ்வொண்டும் ரெண்டு மடங்கு மொத்தம், பக்கத்தைப் பிரிச்சா அப்பளம் மாதிரி முறியுது. அதிலயும் தப்பினதுகளைச் சுவரலுமாரியில அடுக்கினன். அங்க வந்து நிண்டது கறையான். கறையானின்ர வேலை தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், அது முன்னுக்கு இருந்து தின்னாது, சுவர்ப் பக்கத்தால வந்து நடுவைத் தின்னும். வெளியால பாத்தா வடிவா நிரையா நிக்கும், முதுகில பெயர் எல்லாம் பளிச்செண்டு தெரியும், ஆசையா ஒண்டை இழுத்தா அட்டை மட்டும் கையில வரும், உள்ளுக்க ஈர மண். நான் அண்டைக்கு அழேல்லை, ஆனா சோறும் சமைக்கேல்லை.

புதுசா வாங்குறதும் லேசில்லை. இந்தியப் புத்தகம் ஒண்டின்ர பின்னட்டையில 400 எண்டு போட்டிருக்கும், எங்கட கையில வந்து சேரேக்க ஆயிரத்தைத் தாண்டியிடும். நான் ஹாட்வெயார் கடையில கணக்கெழுதுற ஆள், ஆயிரத்துக்கு எத்தினை சாமான் வரும் எண்டு கண்ணுக்கு முன்னால ஓடும்.

சரி, இனிச் சாமானுக்கு வருவம்.

திங்கள் காலமை பஸ். கிளிநொச்சிக்குப் போற அந்த நேரத்து பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சா அது லொத்தர் விழுந்த மாதிரி. ஒரு கையால கம்பியைப் பிடிச்சு, மற்றக் கையில ஈ-ரீடரைப் பிடிச்சு, பெருவிரலால பக்கம் திருப்பிக்கொண்டு பரந்தன் சந்தி வரைக்கும் நிண்டே வாசிச்சன். ஒரு தடிச்ச நாவலை இப்பிடி ஒத்தக் கையில விரிச்சுப் பிடிக்கேலுமோ? கை வலிக்கிற பாரம் இல்லை, ஒரு சின்னக் கொப்பி மாதிரித்தான். வாசிச்சது குறுந்தொகை. மதுரைத் திட்டக்காரர் 1998 தைப்பொங்கலில தொடங்கி பழந்தமிழ் எல்லாத்தையும் தட்டச்சு செய்து சும்மா எடுக்க விட்டிருக்கினம், அதில இருந்து இறக்கினது. பஸ்ஸுக்கு அதை விட நல்ல புத்தகம் இல்லையெண்டு நான் அடிச்சுச் சொல்லுவன். கடவுள் வாழ்த்தை விட்டா 401 பாட்டு, அனேகமா நாலடி தொடக்கம் எட்டடி, ஒரு ஹோல்ற்றுக்கு ஒரு பாட்டுக் கணக்கு. பஸ் பிறேக் அடிச்சு எல்லாரும் முன்னால சரியேக்க தலைவி அங்க மழைக்குக் காத்திருக்கிறா. எழுத்து வடிவா வந்தது, கொம்பு, கால், புள்ளி ஒண்டும் இடம் மாறேல்லை. உரை இல்லாத பிரதி எண்டபடியா அரைவாசிப் பாட்டு விளங்கேல்லை எண்டதையும் சொல்லோணும், அது சாமானின்ர பிழையில்லை, என்ர ஏ-லெவல் தமிழின்ர பிழை.

கொண்டக்ரர் பெடியன் ரெண்டு தரம் எட்டிப் பாத்திட்டு, "அக்கா, உந்த ராப்பில கலர் செத்துப் போச்சு, போன் கடையில குடுத்தாச் செய்து தருவாங்கள்" எண்டான். நான் சொன்னன் இது இப்பிடித்தான் தம்பி எண்டு. நம்பேல்லை.

கலர் இல்லாததுதான் இதின்ர கெட்டித்தனமே. போன் திரை மாதிரி பின்னால இருந்து லைற் அடிச்சுக் காட்டுற வேலை இதில இல்லை. உள்ளுக்க கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குமிழ்கள், அதுக்குள்ள கறுப்பும் வெள்ளையுமாத் துகள், கரண்ட் குடுக்கேக்க ஒண்டு மேல வரும் மற்றது கீழ போகும், அவ்வளவுதான். வந்து நிண்ட எழுத்து பிறகு கரண்ட் இல்லாமலே நிக்கும், அடுத்த பக்கம் திருப்பேக்கதான் திரும்பக் கொஞ்சம் குடிக்கும். அதாலதான் திங்கள் விடிய முழுச் சார்ச்சோட எடுத்தது ஞாயிறு பின்னேரமும் அரைவாசிக்குக் கிட்ட நிண்டது. 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்கோ? அந்த நேரம் இது என்ர கையில இருந்திருந்தா நான் குப்பி விளக்கில வாசிச்சுக் கண்ணைக் கெடுத்திருக்கமாட்டன்.

புதன் இரவு எங்கட பக்கம் கரண்ட் போட்டுது. புரட்டாசிக் கடைசி, முதல் மழை விழுந்து மண் வாசம், வெக்கை, நுளம்பு. நான் நுளம்புவலைக்குள்ள படுத்துக்கொண்டு திரைக்கு உள்ள சின்ன வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சு வாசிக்கிறன், பக்கத்தில சின்னவன் நித்திரை, போன் வெளிச்சம் எண்டா எழும்பியிடுவான், இதுக்கு எழும்பேல்லை. நல்லாப் போய்க்கொண்டிருந்த கதை திடீரெண்டு நாலு பக்கம் தள்ளிப் போட்டுது. பின்னால வந்தன். திரும்பவும் முன்னால பாயுது. பேய் எண்டு நினைக்கேல்லை, ஆனா ஒரு நிமிசம் யோசிச்சன். பாத்தா வலைக்குள்ள புகுந்த ஈசல் ஒண்டு, செட்டை கழண்டு, திரையில ஊருது. இது பழைய மொடல், விரல் பட்டாத்தான் வேலை செய்யும் எண்டில்லை, விளிம்பில கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடுது, அதை எது மறைச்சாலும் பக்கம் புரளும். ஈசல் மறைச்சாலும் புரளும், வேர்வைத் துளி விழுந்தாலும் புரளும். இப்ப வாற புதுசுகளில இந்தப் பிரச்சினை குறைவாம். பழசு வாங்கிறவை மாரியில ஈசலோட பங்கு போட்டுத்தான் வாசிக்கோணும்.

செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை. கடையில சரக்கு இறக்கினது, வீட்டை வந்து விழுந்து படுத்தன்.

இனி எரிச்சல்களுக்கு வாறன். முதல் எரிச்சல் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. எங்கட நாட்டில கொம்பியூட்டரில தமிழ் அடிச்ச ஆக்களில கனபேர் பாமினியில அடிச்சவை, இப்பவும் அடிக்கினம். தெரிஞ்ச ஒரு எழுத்தாளர் தன்ர சிறுகதைத் தொகுப்பு ஃபைலை அன்பா அனுப்பி விட்டிருந்தார், நானும் ஆசையா ஏத்தித் திறந்தன். முதல் பக்கம் முழுக்க இங்கிலீஸ் எழுத்தும் செமிக்கோலனும், ஆரோ கீபோட்டில கோழியை மேய விட்ட மாதிரி. ஏனெண்டா பாமினியில எழுத்துக்குப் பின்னால இருக்கிறது இங்கிலீஸ் எழுத்துத்தான், மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில முகமூடி கழண்டிடும். கடைக் கொம்பியூட்டரில போட்டு, எங்க திறந்தாலும் தமிழாவே தெரியிற யூனிகோட்டுக்கு மாத்தி, திரும்ப ஏத்தி, ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதில போச்சு. கதையள் நல்லாத்தான் இருந்தது. பழஞ்சோறு மாதிரி, ஆறினாலும் ருசி.

ரெண்டாவது எரிச்சல்தான் பெரிசு. அதுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லோணும்.

அப்பா புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை, சனசமூக நிலையத்தில பேப்பர் பாக்கிற ஆள். ரெண்டு கண்ணிலயும் பூ விழுந்து, ஒண்டு ஒப்பரேசன் செய்தாச்சு, மற்றது கிடக்கு, அதால இப்ப பேப்பரும் தலைப்பு மட்டும்தான். நான் இதைக் கொண்டுவந்து குறுந்தொகையைத் திறந்து எழுத்தைப் பெருப்பிச்சுக் காட்டினன், பெருப்பிச்சுப் பெருப்பிச்சு ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லு வரைக்கும் கொண்டு வந்தன். கண்ணாடி இல்லாமல் வாசிச்சார். முகத்தில ஒரு சிரிப்பு வந்தது பாருங்கோ, எழுத்துக்கூட்டிப் படிச்ச முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. ஆனா, "உது பண்டிதர்மாருக்கு. எனக்கு எங்கட பக்கத்துக் கதை ஏதும் கிடக்கோ?" எண்டார்.

கிடக்கு. அ. பாலமனோகரன்ர 'நிலக்கிளி' நாவல், 1973 இல வீரகேசரி வெளியிட்டது, முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்புப் பக்கத்துக் காடும் குளமும் கதிராமனும் பதஞ்சலியும். எழுதினவர் தண்ணீரூற்று ஆள். அப்பா பெடியனா இருக்கேக்க குமுழமுனையில சொந்தக்காரர் வீட்டில நிண்டு மாடு பாத்தவர், தண்ணிமுறிப்பு எண்ட பெயரைக் கேட்ட உடன நிமிர்ந்து இருந்திட்டார். என்னட்ட இருந்தது ஸ்கான் செய்த பிரதி. இங்கதான் வந்தது வினை.

ஸ்கான் பிரதி எண்டா அது எழுத்தில்லை, பக்கத்தின்ர படம். படத்தில எழுத்தை மட்டும் தனியாப் பெருப்பிக்கேலாது. முழுப் பக்கத்தையும் ஆறு இஞ்சிக்குள்ள அமத்தினா எழுத்து கடுகு மாதிரி. சரியெண்டு விரலால விரிச்சுப் பெருப்பிச்சா வரியின்ர ஒரு பக்கம் திரைக்கு வெளியால போகுது, இழுத்து மற்றப் பக்கத்தைப் பாத்து, திரும்ப இழுத்து அடுத்த வரியைத் தேடோணும், ஒவ்வொரு இழுவைக்கும் திரை ஒருக்காக் கறுத்துப் பேந்து வெளுக்கும், அதுக்கிடையில வாசிச்சது மறந்திடும். சரிச்சுப் பிடிச்சு அரைவாசி அரைவாசியாப் பாத்தா எனக்குப் பரவாயில்லை, அப்பாவுக்குச் சரிவரேல்லை. ரெண்டு பக்கம் மட்டும் மல்லுக்கட்டினார். பிறகு என்ர மடியில வைச்சிட்டு, "எழுத்தைப் பெருப்பிக்கலாம் எண்டு சொல்லித்தானே பிள்ளை தந்தனி?" எண்டார். கோவமாச் சொல்லேல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

பாருங்கோ, எங்கட புத்தகங்களில பெரும்பகுதி இப்ப வாசிக்கக் கிடைக்கிறதே இந்தப் படமாத்தான். நூலகம் திட்டக்காரர் 2005 இல தொடங்கி ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை, பேப்பர், பள்ளிக்கூட மலர், கோயில் கும்பாபிசேக மலர் எண்டு தேடித் தேடி ஸ்கான் செய்து போட்டிருக்கினம், அவைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம், அவை செய்யாட்டி அதுகளில கனக்க எங்கட கண்ணிலயே பட்டிராது. ஒரு பழைய சஞ்சிகையைத் திறந்தா முதல் பக்கத்தில ஆரோ பேனையால கையெழுத்துப் போட்டு இடமும் திகதியும் எழுதி வைச்சிருக்கினம், அந்த ஆள் இப்ப எங்கயோ. ஆனா இந்தச் சாமானைச் செய்தவை அப்பிடியான புத்தகத்தை மனசில வைச்சுச் செய்யேல்லை. அவையின்ர கடையில காசு குடுத்து வாங்குற புத்தகத்துக்குத்தான் இது ஓடி ஓடி வேலை செய்யும், எழுத்துப் பெருக்கும், அகராதி காட்டும், எத்தினை நிமிசத்தில அத்தியாயம் முடியும் எண்டும் சொல்லும். எங்கட புத்தகத்தைக் கண்டா ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நிக்கும். 1895 இல ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதின இங்கிலீஸ் கையேட்டையும் ஏத்திப் பாத்தன், அதின்ர அட்டவணையளைப் பாக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேணும். வழி இல்லாமல் இல்லை, கொம்பியூட்டரில பக்கத்தின்ர விளிம்பை வெட்டி, வரிவரியாத் துண்டாக்கி அடுக்கித் தாற இலவச மென்பொருள் இருக்கு. ஒருக்காச் செய்து பாத்தன், கொஞ்சம் தேவலாம், ஆனா பழைய அச்சில வரி கோணலா இருந்தா புள்ளியும் விசிறியும் வெட்டுப்பட்டுப் போகுது, 'க்' எல்லாம் 'க' ஆகியிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் உந்தக் கூத்தாட எனக்கு நேரமில்லை.

அதால வியாழன் இரவில இருந்து நான் வாசிக்க அப்பா கேக்கிறது எண்டு ஆச்சு. விறாந்தையில அவர் சாய்மனைக் கதிரையில, நான் படியில. நான் ரெண்டு வரி வாசிக்க அவர் நாலு வரி சொல்லுறார். "நில்லு நில்லு, அந்தப் பாதையால போனா அங்கால ஒரு மோட்டை வரும்" எண்டு கதைக்குள்ள போய் நிண்டு கொண்டு வழி சொல்லுறார். அம்மா குசினிக்குள்ள இருந்து, "அவள் வாசிக்கட்டும், நீங்கள் பேந்து காட்டுக்க போங்கோ" எண்டு சத்தம் போட்டவ, மூண்டாவது இரவு தேங்காய் துருவலையையும் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கே வந்திட்டா. துருவுற சத்தத்தில நான் கத்தி வாசிக்கோணும். ஒரு மணித்தியாலத்தில பதினைஞ்சு பக்கம் தாண்டேல்லை.

வெள்ளிக்கிழமை சத்தியம் முறிஞ்ச கதை. கடையில என்னோட வேலை செய்யிற அக்காவும் நானும் எப்பவும் புத்தகம் மாத்துறனாங்கள், நான் முடிச்சா அவவுக்கு, அவ முடிச்சா எனக்கு, அவ வாசிச்ச பக்கத்தில கறிவேப்பிலை வாசமும் மஞ்சள் விரலடையாளமும் இருக்கும், எந்த இடத்தில சமைச்சுக்கொண்டு வாசிச்சிருக்கிறா எண்டு தெரியும். இந்தக் கிழமை அவவுக்குக் குடுக்க என்னட்ட ஒண்டுமில்லை. குடுக்கிறதெண்டா முழுச் சாமானையும் குடுக்கோணும், எல்லாப் புத்தகமும் சேர்ந்து போயிடும். அவ தன்ரயை முடிச்சுக் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டு என்னையே பாக்கிறா. நான் எப்பிடி எடுக்காமல் விடுறது? எடுத்தன். போற வழியில பஸ்ஸுக்குள்ள இருபது பக்கம் வாசிச்சும் போட்டன். இரவல் குடுக்கேலாத புத்தகம் அரைப் புத்தகம்தான் எனக்கு.

சனிக்கிழமை வயல். காலபோகத்துக்கு உழவு, ட்ரக்ரர் வந்து நிக்குது, அப்பா வரம்பில நிண்டு ஓட்டுறவருக்குக் கட்டளை, நான் தேத்தண்ணிப் போத்திலோட பாலை மரத்துக்குக் கீழ. இங்க இதுக்கு நான் நூறுக்கு நூறு குடுப்பன். கண்ணைப் பறிக்கிற வெயில், போனை எடுத்தா என்ர முகம்தான் தெரியுது, இதில வெயில் கூடக்கூட எழுத்து இன்னும் தெளிவு, கடதாசி மாதிரியே. ஆனா மச்சாளின்ர கறுத்தக் கவர் வெயில் பட்டுத் தோசைக்கல்லு மாதிரிச் சுட்டுது, சேலைத் தலைப்பால பிடிச்சுக்கொண்டு வாசிச்சன். உழவுத் தூசு சார்ச் போடுற ஓட்டைக்குள்ள போகும் எண்டு பயம், பிறகு கடையில ஆணி நிறுத்துக் குடுக்கிற மொத்தப் பொலித்தீன் பை ஒண்டுக்குள்ள போட்டு இறுக்கி மூடினன், அதுக்கு மேலாலயும் பக்கம் திருப்பலாம். இந்த வேலை கவரை விட நல்லம். இப்ப பஸ்ஸிலயும் பைக்குள்ளதான்.

சின்னவனுக்கு இதில துளியும் அக்கறை இல்லை. "கேம் இல்லையோ? யூரியூப் இல்லையோ? அப்ப ஏன் உது?" எண்டு கேட்டிட்டுப் போட்டான். புலமைப்பரிசில் பாஸ் பேப்பர் ஏத்தித் தாறன் எண்டு சொன்னாப் பிறகு இந்தப் பக்கமே வாறேல்லை.

வாங்குற எண்ணம் உள்ள ஆக்களுக்கு இன்னொண்டு. பழசு வாங்கிறதெண்டா சார்ச் வயரையும் கேட்டு வாங்குங்கோ. இது பழைய மொட்டைப் பின், இப்பத்தைய போன் வயர் ஒண்டும் கொழுவாது, நான் வீடு முழுக்கத் தேடி, கடைசியில அப்பாவின்ர ரோச் லைற் வயர் பொருந்திச்சு.

ஞாயிறு இரவு நிலக்கிளியில இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். நான் கண் எரியுது, நாளைக்கு வாசிப்பம் எண்டு மூடினன். அப்பா கதிரையில இருந்து எழும்பேல்லை. வெத்திலையைச் சப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் வளவைப் பாத்துக்கொண்டு இருந்தவர், பிறகு கேக்கிறார், "அந்தப் பெரிசு, பத்து இஞ்சி எண்டியே, அது என்ன விலையாம்?" ஆயுசில ஒரு புத்தகத்துக்குக் காசு குடுக்காத மனுசன். நான் விலையைச் சொன்னன். "அறுவடை முடியட்டும்" எண்டிட்டுப் படுக்கப் போட்டார். இன்னும் விதைக்கேயில்லை.